இறக்கை வளைந்தால் குற்றமா?



நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் மெக்லாரன் அணி வளையும் இறக்கையை வைத்துக்கொண்டு ஏமாற்றித்தான் ஜெயித்தது என்று ஒரு தம்பி எழுதினான். சோதனையில் தேறிவிட்ட பிறகு அது எப்படி ஏமாற்று ஆகும் என்று இன்னொரு தம்பி கேட்டான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஐம்பது அறுபது செய்திகள் ஓடியபின், "சார், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டார்கள். குழுவில் எழுதினால் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கார் பந்தயம் பார்க்காதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் பாடம். வாத்தியாரிடம் கேட்டால் பாடம் இல்லாமல் போகுமா?

விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கை அதையே தலைகீழாகச் செய்கிறது, காரைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் டயரின் பிடிமானம் கூடும், வளைவில் வேகமாகத் திரும்பலாம். இந்த அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரில் இருப்பதைவிட 300 கிலோமீட்டரில் வேகம் 3 மடங்கு, அழுத்தம் 9 மடங்கு. ஒரு ஃபார்முலா ஒன் கார் ஏறக்குறைய 800 கிலோ எடை. முழு வேகத்தில் காற்று அதைக் கீழே அழுத்தும் விசை அந்த எடையையே தாண்டும்.

இது இலவசமாகக் கிடைப்பதில்லை. இறக்கை காற்றை எதிர்த்து நிற்பதால் பின்னிழுப்பும் கூடுகிறது. வளைவில் உதவிய அதே இறக்கை நேர்ப்பாதையில் காரை இழுத்துப் பிடிக்கிறது. எல்லா அணிக்கும் ஒரே ஆசைதான். வளைவில் இறக்கை நிமிர்ந்து நிற்க வேண்டும், நேர்ப்பாதையில் படுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இறக்கை அசையக் கூடாது என்பது விதி. அந்த விதி வந்ததற்குக் காரணம் உண்டு. 1968, 69 வாக்கில் உயரமான மெல்லிய கம்பிகள் மேல் இறக்கைகளை நிறுத்தி ஓட்டினார்கள். 1969 மே மாதம் ஸ்பெயினில் மோன்ட்ஜுயிக் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தில், லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், ஜோகன் ரிண்ட் இருவரின் கார்களிலும் இறக்கை முறிந்தது. இரண்டு கார்களும் தடுப்பில் மோதின. ரிண்ட்டுக்கு முகத்தில் அடி. இரண்டே வாரத்தில் மொனாக்கோ பந்தயத்தின்போது அந்த உயர இறக்கைகளைத் தடை செய்தார்கள். அதன்பின் இறக்கை என்றால் காரின் உடலோடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அசையக் கூடாது என்று ஆனது.

இங்கேதான் சிக்கல். நான் உங்களுக்கு பிளஸ் ஒன்னில் நடத்திய மீட்சிப் பண்பு நினைவிருக்கிறதா? விசை கொடுத்தால் வளையாத பொருள் உலகத்தில் கிடையாது. எஃகும் வளையும், கார்பன் இழையும் வளையும். எவ்வளவு வளையும் என்பதுதான் வேறுபாடு, அதைத்தான் யங் குணகம் சொல்கிறது. மீட்சி எல்லைக்குள் இருந்தால் விசையை எடுத்ததும் பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே "இறக்கை அசையவே கூடாது" என்பது எவராலும் முழுதாகக் கடைப்பிடிக்க முடியாத விதி. அதை எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால் ஒரு சோதனையை வைத்தார்கள். கார் நிற்கும்போது இறக்கையின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எடையை ஏற்று, இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இறங்காவிட்டால் தேர்ச்சி.

விதி சொல்வது பூஜ்ஜியம். சோதனை சொல்வது சில மில்லிமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

கார்பன் இழையில் ஒரு வசதி உண்டு. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் விறைப்பு அதிகம். சோதனைக்காரர் எடை ஏற்றும் திசையில் கல் மாதிரி நிற்கும்படியும், ஓடும்போது காற்று தரும் விசைக்கு முறுக்கிக்கொள்ளும்படியும் அடுக்க முடியும். முன் இறக்கை வேகத்தில் கொஞ்சம் சாய்ந்தால், மெதுவான வளைவில் முன்சக்கரத்துக்கு நல்ல பிடிமானமும், வேக வளைவில் பின்பக்கம் வழுக்காத சமநிலையும் ஒரே காரில் கிடைத்துவிடும். ஓட்டுநர் எந்தப் பொத்தானையும் அழுத்தத் தேவையில்லை.

இது நேற்று முளைத்த சண்டை அல்ல. 2006இல் பின் இறக்கையின் இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி ஓட்டத்தில் மூடிக்கொள்கிறது என்று புகார் எழுந்து, அந்த இடைவெளியில் தடுப்புத் துண்டு வைக்கச் சொன்னார்கள். 2010இல் ரெட் புல் அணியின் முன் இறக்கை தரையைத் தொடும் அளவுக்கு இறங்குகிறது என்று மற்றவர்கள் படம் காட்டினார்கள். சோதனை எடையை 500 நியூட்டனிலிருந்து 1000 நியூட்டனாக, அதாவது சுமார் 50 கிலோ எடையிலிருந்து 100 கிலோவாக, உயர்த்தினார்கள். ரெட் புல் அதிலும் தேறியது. 2021இல் மறுபடி ரெட் புல், இந்த முறை பின் இறக்கை. இறக்கையில் 12 புள்ளிகளை ஒட்டி, பின்னோக்கும் கேமராவில் அவை எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்தார்கள். 2024இல் பாகு பந்தயத்தில் மெக்லாரனின் பின் இறக்கை மேல்தகடு ஓட்டத்தில் லேசாகத் தூக்கிக்கொள்வது கேமராவில் தெரிந்தது. அதை மாற்றிக்கொள்ள அந்த அணி ஒப்புக்கொண்டது.

2025 ஜூன் 1இல் ஸ்பெயின் பந்தயத்திலிருந்து முன் இறக்கைச் சோதனை கடுமையானது. இரண்டு பக்கமும் எடை ஏற்றும்போது 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்றிருந்தது 10 ஆனது. இதோடு மெக்லாரன் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அந்தப் பந்தயத்தில் முதல் இரண்டு இடமும் மெக்லாரனுக்கே. பியாஸ்ட்ரி, நோரிஸ். ஆண்டு முடிவில் அணிப் பட்டமும் அவர்களுக்கு, ஓட்டுநர் பட்டமும் அவர்களின் நோரிஸுக்கு.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ஷாஃப்டுக்கு டிராயிங் வருகிறது. "விட்டம் 25 மில்லிமீட்டர்" என்று மட்டும் இருந்தால் லேத்தில் நிற்பவர் என்ன கேட்பார்? "டாலரன்ஸ் எங்கே?" என்பார். கூட்டல் கழித்தல் 0.02 என்று எண் இருந்தால்தான் அது வேலைக்கு ஆகும் டிராயிங். 25.01 வந்த துண்டைப் பார்த்து, "இவன் 25 என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டான்" என்று எந்தக் குவாலிட்டி இன்ஸ்பெக்டரும் சொல்வதில்லை. எல்லைக்குள் இருக்கிறது, பாஸ்.

அதேபோல்தான் இறக்கையும். எல்லைக்குள் இருப்பவரைத் திருடன் என்று சொல்லக் கூடாது. எல்லையைத் தாண்டினால் தண்டனை உண்டு, கொடுத்தும் இருக்கிறார்கள். 2014 அபுதாபியில் ரெட் புல்லின் முன் இறக்கைத் தகடு காற்றழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, வெட்டல், ரிக்கார்டோ இருவரின் தகுதிச்சுற்று முடிவையும் ரத்து செய்தார்கள். இருவரும் பிட் லேனிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. ஆக, முதல் தம்பிக்கு என் பதில்: மெக்லாரன் ஏமாற்றவில்லை. விதி இடம் கொடுத்தது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இடம் கொடுத்தது தவறு என்றால் அதை அடைக்க வேண்டியது விதி எழுதியவர். சந்தேகம் வந்தால் புதுச் சோதனை கொண்டுவரும் உரிமையை அவர்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே அறிவித்து, எல்லா அணிக்கும் ஒரே நாளில் மாற்றினார்கள். அது முறையான வழி.

இரண்டாவது தம்பி இதைப் படித்துவிட்டுத் துள்ள வேண்டாம். உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

அதே எஸ்டேட்டிலிருந்து இன்னொரு உதாரணம். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க கோ கேஜ் விடுவார்கள். கேஜ் நீளம் குறைவாக இருந்தால், லேசாக வளைந்த துளைக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். கேஜ் பாஸ். ஆனால் அசெம்பிளியில் நீள ஷாஃப்டை விட்டால் பாதியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கோ கேஜ் துளையின் முழு நீளத்துக்கு இருக்க வேண்டும் என்பார்கள். சோதனை என்பது அந்தப் பொருள் பின்னால் பார்க்கப்போகும் வேலையை ஒத்திருக்க வேண்டும். நிற்கும் காரில் எடை வைத்துப் பார்ப்பது குட்டைக் கேஜ். ஓடும் காரில் புள்ளி ஒட்டிக் கேமராவில் பார்ப்பது கொஞ்சம் நீளமான கேஜ்.

ஆகவே, "சோதனையில் தேறிவிட்டது, அவ்வளவுதான்" என்பது குற்றமில்லை என்பதற்குச் சான்று. வேலை சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வேறு வழியில் போகிறவர்களும் உண்டு. நம் பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் அங்கே பந்தயப் பாதை இருக்கிறது. அதற்கு முன் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டினார்கள். உங்களில் சிலரின் அப்பாக்கள் சைக்கிளில் போய்ப் பார்த்திருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் ஃபார்முலா பந்தயங்களில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் நடந்த பந்தயத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்களும் அப்படித்தான். ஒரே நிறுவனம் செய்த சட்டகம், ஒரே எஞ்சின், ஒரே இறக்கை. இறக்கையில் கைவைக்க இடமே இல்லை. யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது தெரியும், செலவும் குறையும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் நம் சென்னை கருண் சந்தோக்கும் இப்படிப்பட்ட சிறு பந்தயங்களில் தொடங்கித்தான் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரே காராக இருந்தால் புது இறக்கை யோசிக்கும் பொறியாளருக்கு அங்கே வேலை இல்லை. ஃபார்முலா ஒன் என்பது ஓட்டுநர் போட்டி பாதி, பொறியாளர் போட்டி பாதி. அதனால் அங்கே விதிக்கும் மூளைக்கும் நடக்கும் இழுபறி ஓயாது. ஓயவும் வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 1969க்குப் பின் அசையக் கூடாது என்று சொன்ன இறக்கையை, 2011இல் முந்துவதற்கு உதவியாகப் பின்பக்கத் தகட்டைத் திறந்துகொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். 2026 விதிப்படி முன் இறக்கை, பின் இறக்கை இரண்டும் வளைவுக்கு ஒரு நிலை, நேர்ப்பாதைக்கு ஒரு நிலை என்று அசையலாம். அணிகள் திருட்டுத்தனமாக அடையப் பார்த்தார்கள் என்று சொன்ன பலனில் பெரும்பகுதி இப்போது விதிப்படியே கிடைக்கிறது. அப்படியானால் வளைவது என்ற செயலில் பாவம் எதுவும் இருந்ததில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லை எது என்பதே கேள்வி.

சரி, இனி நம் வீட்டு விஷயம்.

"விதியில் இடம் இருந்தது, எடுத்துக்கொண்டோம்" என்ற வாதத்தைப் பந்தயத்தில் ஏற்றுக்கொண்ட நான், ஒரு இடத்தில் மட்டும் ஏற்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில்.

உங்களில் பலருக்குத் தெரியும். நம் மாநிலத்தில் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். பிளஸ் டூவில்தான் பொதுத்தேர்வு, 1200க்கு எத்தனை என்பதுதான் விளம்பரப் பலகையில் வரும். விதிப்படி பிளஸ் ஒன் நடத்த வேண்டும். சோதனை பிளஸ் டூவில் மட்டும். இறக்கை கதையேதான். அரசு 2017 மே மாதம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது, 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. ஆனால் அதே 2018இல், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று முடிவானது. சோதனை இருந்தது, அதில் ஏற்றிய எடை குறைந்துபோனது. இப்போது 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் ரத்தாகிவிட்டது.

ரத்து செய்ததில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் குழந்தையின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்தப் பாரம் இறங்கியது நல்லதுதான். என் கவலை, சோதனை போனதும் பாடமும் போய்விடுமோ என்பதுதான்.

மேலே நான் சொன்ன மீட்சிப் பண்பு, யங் குணகம், காற்றின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்னும் பெர்னௌலி தேற்றம், நியூட்டனின் விதிகள் எல்லாம் எந்த வகுப்புப் பாடம்? பிளஸ் ஒன். அதைத் தாண்டிக் குதித்து வந்த பிள்ளை 600க்கு 580 வாங்கலாம். பொறியியல் கல்லூரியில் முதல் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்காரும்போது நீள ஷாஃப்ட் மாட்டிக்கொள்ளும். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் உண்டு என்பதால் அங்கேயும் மாட்டும். அப்படி மாட்டிக்கொண்டு, கல்லூரியில் சேர்ந்த பிறகு என்னிடம் வந்து பிளஸ் ஒன் இயற்பியல் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள். "எங்களுக்கு இதை நடத்தவே இல்ல சார்" என்பார்கள். தங்களுக்குப் புத்தி குறைவு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பந்தயத்துக்கும் பள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சந்தில் புகுந்ததற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மெக்லாரன் வளைத்தால் தோற்பது இன்னொரு பெரிய அணி. அவர்களிடமும் பொறியாளர் இருக்கிறார், அவர்களும் வளைக்கலாம், புகார் செய்யலாம். எல்லாரும் விவரம் தெரிந்து ஆட்டத்தில் இறங்கியவர்கள். பள்ளியில் சந்தில் புகுவது நிர்வாகம். பெயர் வாங்குவதும் நிர்வாகம். விலை கொடுப்பது பதினாறு வயதுப் பிள்ளை. தன்னிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது என்றே அதற்குத் தெரியாது. 1969இல் அந்த இறக்கைகளைத் தடை செய்ததும் இதே கணக்கில்தான். முறிந்தால் அடிபடுவது இறக்கையை வரைந்தவர் அல்ல, ஓட்டுகிறவர்.

அதனால் என் தீர்ப்பு இரண்டு பகுதி. விலை கொடுப்பவர் சம்மதித்து ஆடும் ஆட்டத்தில், எண்ணுக்குள் இருப்பவரைக் குறை சொல்லாதே, எண்ணைத் திருத்து. விலை கொடுப்பவர் வேறொருவர் என்றால், எண்ணுக்குள் இருக்கிறேன் என்று தப்பிக்காதே.

நம் பழைய மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் இனி வெளியிலிருந்து யாரும் வந்து எடை ஏற்றிப் பார்க்கப்போவதில்லை. உங்கள் மனசாட்சிதான் கேஜ். பாடத்தை முழுசாக நடத்துங்கள். ஆய்வகத்தைத் திறந்து, கம்பியில் எடை கட்டி, எவ்வளவு நீள்கிறது என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள்.

பெற்றோராக இருப்பவர்களுக்கு ஒரு வேலை. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் பிள்ளையின் பையை இன்று ராத்திரி திறந்து பாருங்கள். பிளஸ் ஒன் புத்தகம் உள்ளே இருக்கிறதா, அதில் பேனாக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுசாக மொறுமொறுவென்று இருந்தால், மறுநாள் பள்ளிக்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கார் பந்தயத் தம்பிகள் இருவரும் சமாதானமாகப் போங்கள். அடுத்த பந்தயம் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வேறு கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்துப் படிக்கக் கொஞ்சம் நேரமாகிறது, ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்,
அம்பத்தூர்.